அழுக்காறு அகன்றால் ஆக்கம் பெருகும்

பெறுதற்கரிய மானிடப் பிறவியைப் பெற்ற ஆன்மாவுக்கு உட்பகைகள் ஆறு உண்டு. காமம், குரோதம், உலோபம், மோகம், மதம், மாற்சரியம் என ஆன்றோர் அவற்றை வகுத்துரைத்தனர். இவற்றுள் ஆறாவதாகிய மாற்சரியமே பொறாமை. பொருளாசை கொண்டவனுக்குப் பொருள் கிடைத்த அன்றாவது சிறு மகிழ்ச்சி உண்டு. பொறாமை கொண்டவனுக்கோ அதுவும் இல்லை. பிறர் வாழ வாழ அவன் உள்ளம் வேகும். திருவள்ளுவர் அழுக்காறாமை என்னும் ஓர் அதிகாரத்தையே இதற்கென வகுத்து, பத்துக் குறள்களால் இதனைக் கடிந்துரைத்தார்.

முன்னைய காலத்தில் ஒருவரின் பொறாமை பெரும்பாலும் வேலிக்கு அப்பாலுள்ள அயல்வீட்டோடு நின்றது. இன்று முகநூலும் இன்ஸ்டாகிராமும் வட்ஸ்அப்பும் உலகிலுள்ள உறவினர் அனைவரையும் அயல்வீட்டாராக்கிவிட்டன. கனடாவில் மைத்துனர் வாங்கிய கார், லண்டனில் ஒன்றுவிட்ட தங்கையின் புதுமனை புகுவிழா, கூடப் படித்தவனின் பட்டமளிப்பு என யாவும் நித்திரைப் பாயிலேயே கண்முன் வருகின்றன. அவற்றைக் கண்ட பிள்ளை தன் வீட்டுச் சுவரையும் தகப்பனின் பழைய சைக்கிளையும் பார்த்துப் பெருமூச்சு விடுகின்றது.

பெருமூச்சோடு நின்றுவிட்டாலும் தாழ்வில்லை. பிறர் வீட்டுப் பூப்புனித நீராட்டு விழாவின் வீடியோவைக் கண்டு, அதிலும் ஒருபடி மேலாகச் செய்யவேண்டுமென்று மண்டபமும் சோடனையும் ட்ரோன் கமராவும் ஒழுங்கு செய்து, தாலிக்கொடியை அடகு வைக்கும் பெற்றோர் உள்ளனர். விழாவின் ஒளிப்படங்கள் இரண்டொரு நாளில் கீழே தள்ளப்பட்டுப் போகும். அடகு வட்டியோ வருடக்கணக்கில் வீட்டு வாசலில் நிற்கும். பிள்ளையின் மேற்படிப்புக்கு வைத்திருந்த காணி கைமாறிய பின்னர் வருந்தி ஆவதென்ன?

தேர்த்திருவிழாவின் ஒளிப்படத்தைப் பார்ப்பவர் அலங்காரத்தையும் கொடியையும் காண்பர். வடம் பிடித்த கைகளின் கொப்புளத்தையும், இரவிரவாக மாலை கட்டியவர்களின் கண்ணெரிவையும் அப்படத்தில் காணார். வெளிநாட்டு உறவினரின் படங்களும் அத்தகையனவே. காரின் படம் வரும். அதன் மாதாந்தக் கட்டணம் வராது. கொட்டும் பனியில் நின்ற சிரிப்பு வரும். அதே பனியில் நள்ளிரவு வேலைக்குப் போன நடை வராது. விருப்பக்குறிகளின் எண்ணிக்கை பலரின் மனத்தை அலைக்கழித்தமையாலேயே, அதனை மறைத்துவைக்கும் வசதியை இன்ஸ்டாகிராமும் முகநூலும் 2021 ஆம் ஆண்டில் வழங்கின.

இனி, பிறர் உயர்வைக் காணும்போது சைவர் எவ்வாறு ஒழுகவேண்டும் என்பதற்குப் பெரியபுராணத்திலே ஓர் அரிய நிகழ்ச்சி உண்டு. திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் திருவீழிமிழலையில் எழுந்தருளியிருந்த காலத்தில் பஞ்சம் வந்தது. அடியார்கள் பசியால் வாடலாகாது என்று இறைவன் இருவருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு வழங்கினார். இருவர் திருமடத்திலும் அமுதூட்டல் நடைபெற்றது. ஆயினும், நாவுக்கரசர் மடத்தில் உரிய வேளையில் பந்தி முடிய, சம்பந்தர் மடத்தில் நாளும் தாமதமாயிற்று.

சம்பந்தர் காரணம் வினவினார். தம் மடத்துக்குக் கிடைக்கும் காசுக்குக் கடைக்காரர் வாசி, அதாவது வட்டம் கேட்கின்றனர் என்றும், நாவுக்கரசரின் காசு வாசியின்றி உடனே மாறுகின்றது என்றும் மடத்தவர் விடை கூறினர். ஞானப்பால் உண்ட பிள்ளைக்கு ஒரு குறைக்காசு, முதியவருக்கு நிறைகாசு! இவ்விடத்தில் சாதாரண மனிதராயின் என்ன நினைத்திருப்பார்? சம்பந்தரோ, அப்பர் உழவாரப்படை ஏந்திக் கைத்தொண்டு புரிபவர், ஆதலால் அவர் பெற்ற காசு வாசியில்லாதது என்று அதன் காரணத்தை உணர்ந்தார். அப்பரின் பெருமையை உள்ளத்தால் ஏற்று, தமக்கும் குற்றமற்ற காசு அருளுமாறு இறைவனைப் பாடினார். பின்னர் நற்காசு பெற்றார். அப்பருக்குக் கிடைத்தது குறையவேண்டும் என்ற நினைவு அவருக்கு எழவேயில்லை.

இந்நிகழ்ச்சியில் மூன்று படிகள் உள்ளன. முதலாவது, குறை எங்கே என்று கேட்டல். இரண்டாவது, மற்றவரின் உயர்வுக்குப் பின்னாலுள்ள உழைப்பை அறிந்து மதித்தல். மூன்றாவது, தன் குறை தீர இறைவனை வேண்டித் தன் கடமையில் இறங்குதல்.

ஈழநாட்டிலும் இதற்கொரு சான்று உண்டு. நல்லூர் ஆறுமுக நாவலர் மிசனரிமாரின் பாடசாலைகளையும் பிரசங்கங்களையும் அச்சு முயற்சிகளையும் அருகிருந்து கண்டவர். அவர்கள் வளர்கின்றனரே என்று புழுங்கிக்கொண்டு அவர் இருந்துவிடவில்லை. 1847 ஆம் ஆண்டின் இறுதிநாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கத்தைத் தொடக்கினார். 1848 இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849 இல் சென்னையிலிருந்து அச்சியந்திரம் கொண்டுவந்தார்.

எனவே, கைத்தொலைபேசியில் ஒருவரின் உயர்வைக் கண்டு மனம் சுடும்போது, அது தன் வாழ்வுக்குத் தேவையானதா என்று முதலில் கேட்டல் நன்று. தேவையில்லாத ஆடம்பரமாயின் மனமார வாழ்த்திவிட்டு அப்பாற் செல்லலாம். கல்வி, தொழில், நல்லொழுக்கம் போன்றதாயின் அவரையே அணுகி வழி கேட்கலாம். உயர்தரப் பரீட்சையில் சித்தியெய்திய அக்காவிடம் குறிப்புக்கொப்பியை இரவல் கேட்பதில் வெட்கம் என்ன? நன்றாக விளைவித்தவரிடம் நாற்றுப் போடும் முறையைக் கேட்பதில் குறைவென்ன? நேற்றைய தன்னிலும் இன்று ஒரு படி ஏறினேனா என்பதே நாள்தோறும் பார்க்கவேண்டிய கணக்கு.

ஆலயத் திருவீதியைக் கூட்டும் அடியவரின் படம் எங்கும் வருவதில்லை. அக்கைத்தொண்டுக்கே இறைவன் வாசியில்லாக் காசு கொடுத்தார் என்பதை இளம் தலைமுறையினர் மறவாதிருப்பாராக. அழுக்காறு அகன்று, ஊக்கம் பெருகி, ஊரும் உறவும் ஓங்கி வாழ எல்லாம்வல்ல இறைவன் திருவருள் பாலிப்பாராக.