தேடி வரும் ஆய்வு

பட்டாணிச் செடிகளில் கிரிகோர் மெண்டல் கண்டறிந்த மரபியல் விதிகள் 1866-இல் அச்சேறின. அறிவுலகம் அவற்றின் அருமையை உணர்ந்தது 1900-இல். அதற்குள் அவர் மறைந்து 16 ஆண்டுகள் ஆகிவிட்டன.

இன்று ஓர் ஆய்வு அப்படிக் கண்ணில் படாமல் கிடக்க வேண்டியதில்லை. கூகுள் ஸ்காலரில் ஒரு தேடலைச் செய்து, அதற்கே ‘அலர்ட்’ வைத்துவிட்டால் புதிய கட்டுரைகள் மின்னஞ்சலில் தேடி வரும். மருத்துவத் துறையினருக்குப் பப்மெட்டிலும் இந்த வசதி உண்டு. செலவு ஏதுமில்லை.

சொல்லைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம். கேழ்வரகை ஆராயும் மாணவி ‘ராகி’ என்று மட்டும் கொடுத்தால் பல கட்டுரைகள் நழுவிவிடும். ‘ஃபிங்கர் மில்லட்’ என்ற பெயரையும், ‘எலூசின் கோரகானா’ என்ற தாவரவியல் பெயரையும் இடையில் ‘ஆர்’ (OR) போட்டுச் சேர்க்க வேண்டும். அப்போது எத்தியோப்பியா, உகாண்டா வயல்களில் நடந்த ஆய்வுகளும் கைக்கு வரும். தனக்கு ஆதாரமான ஒரு கட்டுரையை இனி யார் மேற்கோள் காட்டினாலும் தெரிவிக்கும்படியும் அமைக்கலாம். இருப்பதிலேயே பலன் மிகுந்தது இதுதான் என்பேன். அந்தத் தலைப்பில் உழைக்கும் முகம் தெரியாத கூட்டாளிகளை அது காட்டிக்கொடுக்கும்.

ஆய்வு மாணவர்களே, வழிகாட்டி சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் தலைப்புக்கு இன்றே ஓர் அலர்ட் வையுங்கள்.