எல்லை மொழியும் அறிவியல் வகைப்பாடும்: பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்களை முன்வைத்து

முன்னுரை

இயற்கை அறிவியலின் முறைகளைக் கொண்டே மனித சமூகத்தையும் அறிய முடியுமா என்பது ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மெய்யியலார் விவாதித்துவரும் வினாவாகும். இயற்கையை விளக்குகிறோம், மனித வாழ்வைப் புரிந்துகொள்கிறோம் என இரண்டையும் பிரித்துக் காட்டினார் ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் டில்தாய். வரலாற்று நிகழ்ச்சியும் பொதுவிதிகளின் துணையாலேயே விளக்கம் பெறுகிறது என்று 1942இல் வாதிட்டார் கார்ல் ஹெம்பல். ஒரு சமூகத்தின் செயல்களை அச்சமூகத்தாரின் கருத்துலகை விலக்கிவிட்டு அறிய இயலாது என்று 1958இல் பீட்டர் வின்ச் எழுதினார். இவ்விவாதம் தமிழாய்வுக்குத் தொலைவானதன்று. ஒருவர் பேசுவது தமிழா, மலையாளமா என்று முடிவு செய்யும்போதெல்லாம் நாமும் இவற்றுள் ஒரு பக்கத்தைச் சார்கிறோம். கேரளத்தின் தென்கோடி எல்லையூர்களை முன்வைத்து இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

களம்

பாறசாலையைக் கடந்தால் களியக்காவிளை, அது தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 வரை இவ்விரண்டும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தன. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னர்களின் இருப்பிடமாக விளங்கிய விழிஞம் இன்று நெய்யாற்றின்கரை வட்டத்தில் உள்ளது. அம்மரபின் கருநந்தடக்கன் நிறுவிய பார்த்திவசேகரபுரத்துச் சாலையோ இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. பலாவைச் சக்கை என்பதும், மரவள்ளிக் கிழங்கை மரச்சீனி என்பதும் எல்லையின் இருபுறத்துக்கும் பொதுவான வழக்குகள். மாநில எல்லை ஒரு கோடாக அமைய, பேச்சோ ஊருக்கு ஊர் சிறிது சிறிதாக மாறிச் செல்கிறது.

அளவலகும் முடிவும்

திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கோரிய ஒன்பது வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. பசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய ஐந்தைத் தமிழகத்துக்குப் பரிந்துரைத்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இங்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்ட அலகு வட்டம். ஆந்திர எல்லையில் படாஸ்கர் வகுத்த தீர்வோ சிற்றூரை அலகாகக் கொண்டது. அது 1960 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. ஆக, தமிழகத்தின் வடவெல்லை ஓர் அளவுகோலாலும், தென்மேற்கெல்லை வேறோர் அளவுகோலாலும் அளக்கப்பட்டன. வட்டத்தில் சிறுபான்மையாக உள்ள மொழியினர், அதன் ஓர் ஓரத்துச் சிற்றூரில் பெரும்பான்மையாக இருத்தல் கூடும். எவரும் பொய்க்கணக்கு எழுதாமலேயே விடை மாறிவிடும்.

எண்ணிக்கை தானே தீர்ப்பளிப்பதில்லை என்பதற்குத் தேவிகுளம் சான்று. அங்குத் தமிழர் பெரும்பான்மையர் என்பது மறுக்கப்படவில்லை. ஆயினும் பொருளாதாரம் உள்ளிட்ட பிற காரணங்கள் மேலோங்க, அவ்வட்டம் கேரளத்தில் வைக்கப்பட்டது. தென் வட்டங்களில் முதன்மை பெற்ற எண், மலை வட்டத்தில் முதன்மை பெறவில்லை. எந்த உண்மை எவ்வளவு எடை பெறவேண்டும் என்பதை எண் சொல்வதில்லை; மதிப்பீடே சொல்கிறது.

இயற்கை வகையும் மனித வகையும்

இயற்கை அறிவியலிலும் அளவலகு முடிவை மாற்றுகிறதே எனலாம். மெய்தான். கடற்கரையின் நீளம் அளக்கும் கோலின் அளவைப் பொறுத்து வேறுபடும். எனவே அலகைச் சார்ந்திருத்தல் ஒன்றையே இரு அறிவியல்களையும் பிரிக்கும் கோடாகக் கொள்ள இயலாது. வேறுபாடு பிறிதோரிடத்தில் உள்ளது. நெய்யாற்று நீரின் உப்பை அளந்தால், அளக்கப்படுவதை அந்நீர் அறியாது. மனிதர் அறிவர். தம்மீது இடப்பட்ட பெயரைக் கேட்டு, ஏற்றோ மறுத்தோ தம்மை மாற்றிக்கொள்வர்; அதனால் பெயரின் பொருளும் மாறும். இதனையே மனித வகைகளின் சுழல்விளைவு என்று இயன் ஹாக்கிங் விளக்கினார்.

தொல்காப்பியச் சொல்லதிகாரம் மக்களை உயர்திணை எனவும், பிறவற்றை அஃறிணை எனவும் பிரித்துத் தொடங்குகிறது. அது இலக்கணப் பாகுபாடே எனினும், மக்களைச் சுட்டும் சொல்லுக்குத் தனி ஒழுங்கு வேண்டும் என்ற உணர்வு அதில் உண்டு.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இச்சுழலைக் காணலாம். 1901இல் கேட்கப்பட்டது வழக்கமாகப் பேசும் மொழி. 1971 முதல் தாய்மொழி என்பது குழந்தைப் பருவத்தில் தாய் தன்னிடம் பேசிய மொழி என வரையறுக்கப்பட்டது. வீட்டில் ஒன்றும் பள்ளியில் மற்றொன்றுமாகப் பேசும் எல்லையூரார் இவ்விரு கேள்விகளுக்கும் இருவேறு விடைகளை நேர்மையாகவே தரமுடியும். கணக்கெடுப்பின் எண்களைக் கொண்டு எல்லை வகுக்கப்பட்டதையும், 1954 ஆகஸ்டு 11இல் போராட்டத்தின்போது துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியானதையும் கண்ட ஒருவர், பின்னர் ‘தமிழ்’ என்றோ ‘மலையாளம்’ என்றோ கூறுவது வெறும் தகவல் அன்று. அது ஒரு செயல். 1951இல் பஞ்சாபில் மொழிவிடை அரசியலாகிவிட்டமையால் இந்தி, பஞ்சாபி எண்களைப் பிரித்துக் காட்டாது ஒன்றாகவே அட்டவணைப்படுத்தினர்.

ஆய்வாளரின் கடன்

இவ்வாறாயின் மொழி வகைப்பாடு கற்பனையே எனக் கொள்ளலாமா? கூடாது. மனிதரால் ஆக்கப்பட்டது என்பதனால் ஒன்று பொய்யாகிவிடாது. பணமும் சட்டமும் அவ்வாறு ஆக்கப்பட்டவையே. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறும் வசதிக்கு வழிவகுக்கும் அரசியலமைப்பின் 350அ உறுப்பு 1956இல் சேர்க்கப்பட்டது. ஒரு மாவட்டத்தில் 70 விழுக்காட்டினர் மாநிலச் சிறுபான்மை மொழியினராயின் அம்மொழிக்கு அங்கு ஆட்சிமொழி நிலை தரலாம் என்பது ஆணையத்தின் கருத்து. வகைப்பாட்டைக் கைவிட்டால், இவ்வுரிமைகளைக் கோரும் குழந்தைக்கு நிற்க இடமில்லை. அதனை இயற்கைப் பொருளாகக் கருதினாலோ, இரு மொழிகளிலும் வாழும் குடும்பம் ஏதேனும் ஒன்றனைத் துறக்க நேரும்.

பாறசாலையிலிருந்து ஒரு வழக்குச் சொல்லைத் திரட்டி அதனைத் தமிழின் எச்சம் என்பதும், மலையாளத்தின் கிளை என்பதும் ஆய்வாளருக்கு எளிது. அச்சொல்லைப் பேசுவோர் தம்மை என்னவென்று கருதுகின்றனர் என்று கேட்காமல் எழுதினால், உயர்திணையை அஃறிணையாக்கிய குற்றம் நேரும். அவர் விடையை மட்டும் ஏற்று ஒலியையும் உருபையும் ஆராயாது விடின், மொழியியல் ஆய்வே இல்லை. இரண்டும் வேண்டும், ஒன்றன் முடிவை மற்றொன்றன் சான்றாகக் காட்டுதலே தவறு.

முடிவுரை

சமூக அறிவியல் துல்லியத்தில் குறைந்த இயற்கை அறிவியல் அன்று. தான் ஆராயும் பொருளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட அறிவியல். எனவே எல்லை மொழி பற்றிய எந்த எண்ணும் மூன்றைச் சேர்த்தே வெளியிடப்பட வேண்டும்: கேட்கப்பட்ட கேள்வி, கொண்ட அலகு, அவ்வெண் பயன்படும் நோக்கம். இம்மூன்றும் இல்லாத எண்ணைக் கொண்டு ஓர் ஊரின் மொழியைத் தீர்ப்பது, தமிழுக்குச் சாதகமாயினும் அறிவுக்கு ஏற்றதன்று.