பேர் விழாத நாள்

தோட்டத்து வழக்கிலே ஒரு நாளுக்கு ஒரு பேர். காலையிலே பிரட்டுக்களத்துக்குச் சென்று, மாலையிலே குறித்த அளவு கொழுந்தை நிறுத்துக் கொடுத்தவருக்குச் செக்ரோலிலே ‘பேர்’ விழும். அளவு குறைந்தால் ‘அரைப்பேர்’. வேலைக்குச் செல்லாத நாளுக்குப் பேரே இல்லை. கூலிக் கணக்கின் பொருட்டுத் தோன்றிய இச்சொல் ஓர் அறவியல் வினாவையும் தன்னுள்ளே கொண்டிருக்கிறது. உழைப்பாகவும் வருவாயாகவும் மாறாத ஒரு நாள், மனித வாழ்விலே ஒரு நாளென்று எண்ணத் தக்கதா?

இவ்வினா என்னிடம் நூல்வழியாக வந்ததன்று. 2024 டிசம்பர் விடுமுறையிலே, பள்ளித் தோழி ஒருத்தியுடன் ஹட்டன் நகரிலே ஒரு பகல் முழுவதையும் கழித்தேன். அவள் சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திக் கொழுந்தெடுக்கச் சென்றவள். வாங்க வேண்டிய பொருளென்று எதுவும் எங்களுக்கு இருக்கவில்லை. “சும்மா சுத்திட்டு வருவோம்” என்று நான்தான் அழைத்தேன். பஸ் கட்டணம், ஆளுக்கு இரண்டு பிளேன்டீ, ஒரு பருப்பு வடை, இருவருக்குமாக ஒரு சுருள் கடலை. எல்லாம் சேர்ந்து 600 ரூபாவை எட்டவில்லை.

ஹட்டன் பெரிய நகரன்று. 1884இலே இருப்புப்பாதை வந்தடைந்த பின்னர், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைத் தோட்டங்களுக்கு வாயிலாக வளர்ந்த ஊர். கடைவீதியை விரைந்து நடந்தால் சிறிது நேரத்திலே கடந்துவிடலாம். நாங்கள் விரையவில்லை. மாணிக்கப் பிள்ளையார் கோயிலிலே நெடுநேரம் அமர்ந்திருந்தோம். டன்பார் மைதானத்திலே யாரோ ஆடிய கிரிக்கெட்டை, எந்தப் பக்கம் எந்த அணியென்று அறியாமலே பார்த்தோம். சிவனொளிபாதமலைப் பருவம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. வெள்ளுடை அணிந்த யாத்திரிகர்கள் மூட்டைகளோடு பஸ்ஸுக்குக் காத்திருந்தனர். புகையிரத நிலையத்தருகே நின்றபோது பதுளைக்குச் செல்லும் வண்டி வந்தது. அதன் வாயில்களிலே தொங்கியவாறு வெளிநாட்டார் சிலர் மலைகளைப் படம் பிடித்தனர். “நாம வேல செய்யிற எடத்தப் பாக்கத்தான் அவங்க காசு குடுத்து வாறாங்க, நாம அதப் பாக்காம இருக்கத்தான் இங்க வந்திருக்கோம்” என்றாள் தோழி. அன்றைய பகலிலே நாங்கள் மிகுதியாகச் சிரித்தது அப்போதுதான்.

இடையிலே நிகழ்ந்த ஒன்று என் மனத்தை விட்டு அகலவில்லை. ஒரு புடைவைக் கடையின் முன்னே நின்றோம். “என்ன வேணும்?” என்று உள்ளிருந்து குரல் வந்தது. வன்மையான குரலன்று, வாணிகத்துக்குரிய வழக்கமான வினாவே. ஆயினும் தோழி உடனே, தனக்குச் சிறிதும் தேவைப்படாத ஒரு துண்டின் விலையைக் கேட்டாள். விலை கூடியதென்று சொல்லி நகர்ந்தாள். காரணமின்றி ஓரிடத்திலே நிற்பதற்கு, பொய்யாகவேனும் ஒரு காரணம் காட்ட வேண்டியிருந்தது.

அக்கூச்சம் அவளுடைய இயல்பிலே மட்டும் தோன்றியதன்று. 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க அலைந்து திரிவோர் கட்டளைச்சட்டம், உழைக்க இயன்றும் உழைக்க மறுப்பவரைக் குற்றவாளிகளின் வரிசையிலே நிறுத்தியது. 1921இலே துண்டு முறை ஒழிக்கப்படும்வரை, கடன் தீர்ந்ததென்னும் துண்டின்றித் தொழிலாளர் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்ல இயலவில்லை. வெளியார் உள்ளே வருவதும் எளிதன்று, கோ. நடேசையர் புடைவை வியாபாரியாக வேடமிட்டே தோட்டங்களுக்குள் நுழைய நேர்ந்தது. அவர் 1931இலே அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவியது இதே ஹட்டனிலேதான். அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளர் நிலையைப் பாட்டாக்கிக் கூட்டங்களிலே பாடினார். லயமும் மலையும் துரைக்குரியனவாயிருந்த காலத்திலே, தொழிலாளி யாருடைய அனுமதியுமின்றி நிற்கக்கூடிய நிலம் நகரத்து வீதியே. எனவே அவ்வீதியிலே வெறுமனே நடப்பது அற்பமான செயலென்று எனக்குத் தோன்றவில்லை.

ஓய்வின் பொருட்டே உழைக்கிறோம் என்றார் அரிஸ்டோட்டில். பயன் கருதிய நட்பையும் இன்பம் கருதிய நட்பையும் பண்பு பற்றிய நட்பினின்று பிரித்துக் காட்டியவரும் அவரே. இக்கருத்துகளை விரிவுரை மண்டபத்திலே கேட்டபோது மனம் ஒன்றித்தான் இருந்தேன். ஆனால், சிறந்த நகரம் கைத்தொழிலாளரைக் குடிமக்களாக ஏற்காதென்றும் அவரே எழுதினார். ஓய்வற்றவருக்குக் குடிமைப் பண்பு வாய்க்காது என்பது அவர் கருத்து. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அரிஸ்டோட்டிலைப் படித்து இயற்றப்பட்டதன்று. எனினும் மலையகத்தவரைப் பொறுத்தவரை அவருடைய நகரத்துக்கு மிக அருகே வந்து நின்றது. 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை அதன் எச்சம் முற்றாகத் தீரவில்லை.

மாலையிலே, பஸ் நிலையத்தில் நின்று செலவைக் கணக்கிட்ட நான், “எவ்வளவு மலிவாக ஒரு நாள் கழிந்தது, பார்” என்றேன்.

“ஒனக்குத்தான்டி மலிவு. எனக்கு ஒரு பேர் போச்சு” என்றாள். குறையாகச் சொல்லவில்லை, கணக்கைத் திருத்தினாள், அவ்வளவே.

அவ்வாண்டு செப்டெம்பரிலே வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட நாட்கூலி 1,350 ரூபா. நான் மலிவென்று வியந்த பகலுக்கு, இருவரும் சேர்ந்து செலவிட்டதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான தொகையை அவள் முன்னரே செலுத்திவிட்டு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமையிலே சென்றிருக்கலாமே என்று கேட்கலாம். ஞாயிறு அவளுக்கு விறகும் துணியும் தண்ணீரும். அத்தொகையை நான் கொடுத்திருக்க வேண்டுமா? கொடுத்திருந்தால், என்னுடன் நடந்ததற்கு நான் கூலி தந்தவளாவேன். அந்தப் பகலும் செக்ரோலிலே ஏறிவிடும். கொடாமல் விட்டால், என் ஓய்வின் விலையிலே பெரும்பகுதியை அவள்மேல் சுமத்தியவளாவேன். இவற்றுள் எது குறைந்த தீங்கென்று நான் இன்னும் துணியவில்லை. நண்பர்களுக்கிடையே கணக்குப் பார்த்தல் ஆகாதென்பர். கணக்குப் பார்க்காதிருக்க இயலுவோர் கூறும் அறமோ அது என்னும் ஐயம் எனக்குண்டு.

இரண்டாவது பிளேன்டீக்கு அவளே காசு கொடுத்திருந்தாள். நான் தடுத்தபோது கையைத் தட்டிவிட்டாள். திரும்பும் பஸ்ஸிலே, அடுத்த விடுமுறை எப்போதென்று கேட்டாள். ஏப்ரலில் என்றேன்.

“சித்திரையில கொழுந்து கூட, வரமாட்டேன். மாசியில ஒரு நா லீவு போட்டுட்டு வா. அப்ப மலை காஞ்சு கெடக்கும், அரைப்பேரே சந்தேகம்” என்றாள்.

மாசியிலே எனக்குப் பரீட்சை. அதை அவளிடம் சொல்லவில்லை.