கெத்தன் கோளில் காய் எடுப்பது யார்?

கெத்தன் என்றொரு கோள். எந்நேரமும் குளிர். அங்கே வாழ்பவர்களும் மனிதர்கள்தாம். கோபம், வீண் கௌரவம், அன்பு எல்லாம் உண்டு. ஆனால் மாதத்தில் 21 அல்லது 22 நாட்கள் அவர்களுக்குப் பால் கிடையாது. பிறகு ‘கெம்மர்’ என்ற சில நாட்கள் வரும். அப்போது இணையும் இருவரில் ஒருவருடைய உடல் ஆணாகவும் மற்றவருடையது பெண்ணாகவும் மாறும். யார் எதுவாவார் என்பது அவர்கள் கையில் இல்லை. கருவுற்றவர் பிள்ளை பெற்றுப் பாலூட்டி முடிக்கும்வரை பெண்ணாக இருந்துவிட்டு, மறுபடி பாலற்றவராகிவிடுவார். மூன்று பிள்ளைகளின் தாய் வேறு இரண்டு பிள்ளைகளின் தந்தையாகவும் இருக்கலாம். அரசரே கர்ப்பமாவார். உர்சுலா கே. லெ குவின் 1969இல் ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்’ நாவலில் படைத்த மக்கள் இவர்கள்.

போடிநாயக்கனூரில் மாணவிகளோடு நடத்திய ஒரு வாசிப்பு வட்டத்தில் இந்தக் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன. மகளை அழைத்துப்போக வந்த ஒரு அம்மா பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். விடியுமுன் ஜீப்பேறி, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய்வருகிறவர். முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: “அதெல்லாம் சரி டீச்சர், அங்க ஆம்பளச் சம்பளம், பொம்பளச் சம்பளம்னு எப்படிப் பிரிப்பாங்க?”

பிரிக்க முடியாது. நேற்றுப் பெண்ணாக இருந்தவர் இன்று எதுவுமில்லை. சம்பளப் பதிவேட்டில் அந்தக் கோடு போட இடமே இல்லை. அப்படியானால் நம் கோடு உடலிலிருந்துதான் வருகிறதா? உடலை மாற்றினால்தான் அது அழியுமா?

ஆம் என்று சொன்ன பெரியவர்கள் உண்டு. பெரியார் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் பிள்ளைப்பேற்றிலிருந்து விடுபடுவதையும் பெண் விடுதலையையும் ஒன்றாகவே வைத்துப் பேசினார். ‘இனிவரும் உலக’த்தில், ஆண்-பெண் சேர்க்கை இல்லாமலே குழந்தை உண்டாகும் காலம் வரும் என்றார். 1970இல் ஷூலமித் ஃபயர்ஸ்டோன் ஏறக்குறைய அதையே கேட்டார்: கர்ப்பத்தை உடலுக்கு வெளியே கொண்டுபோங்கள். இருவருடைய துணிச்சலும் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் ஏலமலையைப் பார்க்கும்போது அந்த வாதம் எனக்கு இடறுகிறது.

அந்த அம்மாவோடு ஜீப்பில் வருகிறவர்களில் கல்யாணமாகாத பெண்கள் இருக்கிறார்கள். மாதவிலக்கு நின்று பல வருடமான பாட்டிமார் இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பொம்பளச் சம்பளம். கருப்பைதான் காரணம் என்றால், அறுபது வயதில் அந்தக் காரணம் தீர்ந்து ஆண் சம்பளம் கிடைத்திருக்க வேண்டுமே! மருந்தடிப்பது, மூட்டை தூக்குவது ஆண் வேலை; களையெடுப்பது, காய் எடுப்பது பெண் வேலை. காய் எடுப்பது லேசான வேலை இல்லை. ஏலச்செடியின் சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையை ஒட்டிக் கிடக்கும். மழையில், அட்டைக்கடியில், நாள் முழுக்கக் குனிந்தும் குத்தவைத்தும், பிஞ்சை விட்டு விளைந்த காயை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். இதற்குப் ‘பொம்பள விரல்தான் லாயக்கு’ என்கிறார்கள். லாயக்கான விரலுக்குக் கூலி கூட இருக்க வேண்டும், குறைத்துத்தான் கொடுக்கிறார்கள். திறமையை இயற்கை என்று சொல்லிவிட்டால் அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. (இத்தனைக்கும் ஏலப்பூ இருபால் பூ. ஆணும் பெண்ணும் ஒரே பூவுக்குள். தேனீ வந்துபோனால் சரி.)

சட்டமும் இதே கண்ணோடுதான் எழுதப்பட்டது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண் தொழிலாளர்கள் இருந்தாலோ, பெண் தொழிலாளர்களின் பிள்ளைகள் 20 பேர் இருந்தாலோ பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெண் தொழிலாளியின் பிள்ளையைத்தான் எண்ணியது. அதே தோட்டத்தில் மருந்தடிக்கும் அப்பாவின் பிள்ளை கணக்கில் வரவில்லை. அப்பாவின் உடலில் என்ன குறை? பிள்ளையைத் தூக்க அவருக்கும் இரண்டு கை இருக்கிறது. எண்ணாமல் விட்டது உயிரியல் அல்ல.

லெ குவினின் கற்பனையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது கர்ப்பமான அரசர் அல்ல, ஒரு சின்ன விவரம். கெம்மர் நாட்களில் கெத்தனில் யாரும் வேலை செய்ய வேண்டியதில்லை. எந்தப் பதவியில் இருந்தாலும் மாதந்தோறும் விடுமுறை. யாரும் முணுமுணுப்பதில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் அது வரும். இங்கே பீகார் அரசு 1992இலேயே தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் விடுப்பு தந்தது. 2023இல் கேரளம் தன் பல்கலைக்கழக மாணவிகளுக்கு மாதவிடாய் விடுப்பு அறிவித்தது. அதே கேரளத்தின் மலையில் நம் பெண்கள் ஒதுங்க மறைவிடம் தேடிச் செடிகளுக்கு நடுவே நடக்கிறார்கள். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. விடுப்பு கொடுத்தால் பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்குவார்கள் என்று நம்மிலேயே சிலர் அஞ்சுகிறோம். அந்த அச்சம் பொய்யல்ல. எல்லோருக்கும் வரும் உடல்நிலை ஊரின் நாட்காட்டியாகிறது. பாதிப் பேருக்கு மட்டும் வருவது அவர்களுடைய குறையாகிறது. நாட்காட்டியை யார் உடலை அளவாக வைத்துப் போட்டார்கள் என்பதுதான் இங்கே வழக்கு.

ஆனால் பால் இல்லாத உலகம் நியாயமான உலகம் என்று லெ குவின் எழுதவில்லை. கெத்தனில் பெரும்போர் நடந்ததில்லை. ஆனால் அரச சூழ்ச்சி உண்டு, நாடு கடத்தல் உண்டு, ஆட்களை அடைத்துவைத்து வேலை வாங்கிச் சாகவிடும் பண்ணைகளும் உண்டு. ஆகவே அந்த அம்மாவுக்கு என் பதில் பாதிதான் சரி. ஆம்பளச் சம்பளம் இருக்காது. மலைக்கு மேலே இருப்பவன் சம்பளம், கீழிருந்து ஏறி வருபவன் சம்பளம் என்று வேறொரு கோடு இருக்கலாம். சாதியை அறிந்த நமக்கு இதைக் கற்பனை செய்ய வேற்றுக்கோள் தேவையில்லை.

நாவலைத் தமிழாக்கிப் பார்ப்போம் என்று ஒரு மாணவி கிளம்பினாள். முதல் வாக்கியத்திலேயே சிக்கல். ஆங்கிலத்தில் லெ குவின் கெத்தன் மக்கள் எல்லோரையும் ‘அவன்’ என்றே குறித்தார். 1976இல் அதற்கு நியாயம் சொன்னவர், 1987இல் அந்தக் கட்டுரையைத் திருத்தும்போது மனம் மாறியிருந்தார். நமக்குத்தான் ‘அவர்’ இருக்கிறதே, ஆண் பெண் இரண்டும் அதில் அடங்குமே என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. “எங்க வீட்டுல முதலாளி ‘அவர்’, எங்க அம்மா ‘அவ’ டீச்சர். தோட்டத்துல கங்காணிகூட அம்மாவ ‘அவ வந்துட்டாளா’ன்னுதான் கேப்பாரு. எல்லாரையும் ‘அவர்’னு எழுதுனா படிக்கிறவங்க முதலாளியத்தான் நெனைப்பாங்க.”

இப்போது அவள் ஒரு பக்கத்தை மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறாள்: ‘அவர்’ போட்டு ஒன்று, ‘அவள்’ போட்டு ஒன்று, சுட்டுப்பெயரே இல்லாமல் ஒன்று. அரசர் கர்ப்பமாகும் இடத்தில் ‘அவள்’தான் நன்றாக இருக்கிறது என்கிறாள்.