ச்வேதத்வீபமும் திருமயிலையும்

மஹாபாரதத்துச் சாந்தி பர்வத்தில் பீஷ்மர் தருமபுத்திரருக்கு உரைத்த பகுதிகளுள் ஒன்று நாராயணீயம். அதில் பேசப்படும் திவ்ய பூமியே ச்வேதத்வீபம். அது திருப்பாற்கடலின் வடபால், மேருவுக்கு அப்பால் 32,000 யோசனையில் உள்ளது என்பர்.

‘ச்வேதம்’ என்றால் வெண்மை. ‘த்வீபம்’ என்பது இருபுறமும் நீரை உடையது என்று பிரியும். காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே திருவரங்கம் எழுந்துள்ளதை நினைத்தால் இச்சொல் எளிதில் விளங்கும். ஆகவே ‘வெண்தீவு’ என்பது நேர்ப்பொருள். வெண்மையோ சத்துவ குணத்தின் நிறம். ஒருபுறம் இன்பமும் மறுபுறம் துன்பமும் அலைவீச, இரண்டாலும் கறைபடாது நிற்கும் தூய உள்ளம் என்று உட்பொருள் கொள்வதும் பொருந்தும். அதற்கு அக்கதையே சான்று.

பிரமனின் மானச புத்திரர்களான ஏகதர், த்விதர், த்ரிதர் என்னும் மூவர் நெடுங்காலம் தவமியற்றி ச்வேதத்வீபம் சென்றனர். ஆங்கே சந்திரனைப் போன்ற வெண்ணிற மேனியர், கூப்பிய கையினராய் மனத்தாலேயே ஜபித்திருந்தனர். ஆயிரம் கதிரவர் ஒருங்கே உதித்தாற்போல் பேரொளி தோன்றிற்று. தீவிலுள்ளோர் எம்பெருமானைத் துதித்த ஒலி மூவர் செவியிலும் விழுந்தது. அவன் திருமேனி மட்டும் கண்ணுக்குப் புலப்படவில்லை. வேறொன்றையும் நாடாத ஏகாந்த பக்தர்க்கே அவன் காட்சி தருவான் என்று அசரீரி உரைத்தது. அத்தகைய பக்தராகிய நாரதர் பின்னர் அங்கே சென்று அவனைக் கண்ணாரக் கண்டார்.

அந்த மூவரை எண்ணும்போது முதலாழ்வார் மூவர் நினைவுக்கு வருவர். திருக்கோவலூரில் மழையிருளில், ஒருவர் படுக்கவும் மூவர் நிற்கவுமே இடமுள்ள இடைகழி. ஆங்கே அவர்களை நெருக்கி நின்றான் எம்பெருமான். ஒளிமயமான தீவில் ரிஷிகளுக்குக் கிட்டாத காட்சி, இருண்ட இடைகழியில் ஆழ்வார்களுக்குக் கிட்டியது. அவர்களுள் மூன்றாமவர் திருமயிலையில் அவதரித்த பேயாழ்வார். அன்பு மிகுதியால் உலகோர் கண்ணுக்குப் பித்தரெனத் தோன்றியதால் அவருக்கு இத்திருநாமம். அவர் அருளிய, நூறு பாசுரங்கள் கொண்ட மூன்றாம் திருவந்தாதி, தாம் கண்டேன் என்னும் உவகையிலேயே தொடங்குகின்றது. மயிலாப்பூர் ஆதிகேசவப் பெருமாள் திருக்கோயிலில் அவருக்குத் தனிச் சந்நிதி உண்டு. ஐப்பசிச் சதயம் அவர் திருநட்சத்திரம்.

உத்ஸவ காலத்தில் நெடுநேரம் வரிசையில் நின்று, கணநேரமே சேவிக்கப்பெறும் அடியார் பலர். சந்நிதி முன் உடல் நிற்க, நெஞ்சம் வீட்டுக் கவலையிலும் வாசலில் விட்ட பாதரட்சையிலும் நிற்குமாயின், அது தீவு வரை சென்று திரும்பிய மூவர் நிலையே ஆகும். அக்கணம் நெஞ்சம் அவனொருவனையே பற்றுமாயின், திருமயிலை மாடவீதியே ச்வேதத்வீபம்.