செம்மண்ணும் சற்காரியவாதமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் பக்கத்துத் தோட்டங்களில் அதன்மேல் செம்மண் கிடக்கிறது. வெள்ளைக் கல்லில் சிவந்த மண் எப்படி வந்தது என்பது மண்ணியல் வகுப்புக் கேள்வி. இல்லாததிலிருந்து உள்ளது தோன்றுமா என்பது சைவ சித்தாந்தக் கேள்வி. இரண்டுக்கும் தூரம் அதிகமில்லை.

சுண்ணாம்புக்கல் துண்டில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் நுரைத்துக் கரையும். அடியில் சிறிது களி தங்கும். காபனீரொட்சைட்டு கலந்த மழைநீர் இதையே மிக மெதுவாகச் செய்கிறது. எஞ்சும் களிக்கு நிறம் தருவது இரும்பு ஒட்சைட்டு. காரியம் காரணத்துள் முன்பே உண்டு என்னும் சற்காரியவாதத்துக்கு வாய்ப்பான சான்றுதான். காற்றும் வெள்ளமும் கொண்டுவந்த துகள்களும் இத்தகைய செம்மண்ணில் சேரும் என்போர் உண்டு. அப்போதும் வாதம் தோற்காது, முதற்காரணம், அதாவது மூலப்பொருள், ஒன்றுக்கு இரண்டாகும், அவ்வளவே.

சிக்கல் நிமித்தகாரணத்தில், அதாவது செய்யும் கர்த்தாவில். 1941இல் மண்ணியலாளர் ஹான்ஸ் ஜென்னி தம் நூலில் மண் உருவாக்கத்துக்குக் காலநிலை, உயிரிகள், நிலவமைப்பு, தாய்ப்பொருள், காலம் என ஐந்து காரணிகளை வகுத்தார். அறிவுடைய கர்த்தாவுக்கு அங்கே இடமில்லை. உலகுக்கு முதற்காரணமான, சடமாகிய மாயை தானே இயங்காது என்கிறது சித்தாந்தம். காலமும் அதற்கு மாயையில் பிறந்த தத்துவமே. ஜென்னி கேட்டது அளக்கக்கூடியதை மட்டும். அந்த மௌனத்தை மறுப்பாக எடுப்பது அவசரம்.

தோட்டமண்ணிலோ கர்த்தாவைக் கண்ணாலேயே காணலாம்: கல் கிளப்பி, குழை தாழ்த்தி, எருப் போடும் கமக்காரன். ஜென்னியின் நூல் அவனை உயிரிகளின் கணக்கில் வைக்கிறது.