சாவியைக் கேட்கும் உரிமை

பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடன் என்பதைத் தமிழ் மக்களுக்கு எவரும் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. உணவும் உடையும் உறையுளும் தந்து, நோயுற்றபோது மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, இறுதிவரை உடனிருந்து காப்பதே அக்கடன் என்று வழிவழியாக எண்ணி வந்துள்ளனர். ஆனால், தந்தை விரும்பிச் செய்யும் ஒன்றைத் தடுத்து நிறுத்துவதும் அக்கடனில் அடங்குமோ? முதுமை எய்திய தந்தை இன்னும் மகிழுந்து ஓட்டுகின்ற வீடுகளில் எழும் வினா இது. மலேசியச் சிற்றூர்களில் இதற்கு விடை காணாமல் தவிக்கும் பிள்ளைகள் பலர்.

அத்தகைய குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். தந்தைக்கு அகவை 78. ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். பட்டணத்திற்குச் செல்ல வேண்டுமாயின் நடந்தோ, மிதிவண்டியிலோ, தோட்டத்து லாரியில் இடம் கிடைத்தாலோ சென்றவர். பின்னர் தோட்டத்தை விட்டு வெளியேறி, நகரில் வேலை தேடி, தாமானில் சிறு வீடொன்று வாங்கினார். 1985ஆம் ஆண்டில் வெளிவந்த புரோட்டோன் சாகாவைச் சில ஆண்டுகள் கழித்துக் கடனுக்கு வாங்கினார். அதனை வெறும் ஊர்தி என்று கூறிவிட இயலுமா? துரையின் சொல்லுக்கும் கிராணியின் சொல்லுக்கும் கட்டுப்பட்டு வளர்ந்த ஒருவருக்கு, எவரையும் கேளாமல் நினைத்த நேரத்தில் நினைத்த இடத்திற்குச் செல்லும் நிலையை முதன்முதலில் தந்தது அதுவே. வண்டி பின்னர் இருமுறை மாறிவிட்டது; சாவியின் பொருள் மாறவில்லை.

அண்மைக் காலமாக வண்டியின் இடப்பக்கத்தில் புதிய கீறல்கள் தென்படுகின்றன. வெளிவாயிற் கம்பத்தில் வண்டியின் வண்ணம் ஒட்டியிருக்கிறது. "அப்பா, இனிமேல் நீங்கள் ஓட்ட வேண்டாம்" என்று மகன் தயங்கித் தயங்கிச் சொல்கிறான். தந்தையின் மறுமொழி உடனே வருகிறது: "முப்பத்தைந்து ஆண்டுகளாக ஓட்டுகிறேன். ஒருவரையும் இடித்ததில்லை. சாலையில் கண்மண் தெரியாமல் பறப்பவர்கள் இளைஞர்கள். அவர்களைப் போய்த் தடுங்கள்!"

இதனை முதியவரின் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. மலேசியச் சாலைகளில் உயிரிழப்போருள் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோர். அவர்களுள் இளைஞர்களே மிகுதி. அகவை ஒன்றையே குற்றமாக்கி ஒருவரைத் தண்டிப்பது அறமும் அன்று. எழுபத்தெட்டில் நன்கு ஓட்டுபவர் உண்டு. ஐம்பதில் ஓட்டத் தகாதவரும் உண்டு.

எனினும் அவருடைய வாதத்தில் ஒரு பிழை மறைந்துள்ளது. தாம் பார்த்தவற்றைக் கொண்டே அவர் தம்மை அளக்கிறார். பாராதவற்றை எவ்வாறு கணக்கில் கொள்வார்? அறுபதை எட்டியவரின் விழித்திரையை, இருபது அகவையில் எட்டிய ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சென்றடைகிறது. கண்ணழுத்த நோய் வலியேதுமின்றிப் பக்கப் பார்வையைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடுகிறது. நோயாளியோ தமக்கு எல்லாம் தெரிவதாகவே எண்ணுகிறார். நம்மவரிடையே மலிந்துள்ள நீரிழிவு முற்றினால் உள்ளங்கால் மரத்துப் போகிறது. பிரேக்கின் மீதிருக்கும் கால் எவ்வளவு அழுத்துகிறது என்பது காலுக்கே தெரிவதில்லை. சந்திப்பில் வலப்புறம் திரும்பும்போது எதிரே வரும் சிறு விளக்கின் விரைவைக் கணிப்பது முதுமையில் மிகக் கடினம். அச்சிறு விளக்கிற்குப் பின்னே இரவுப் பணி முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் தொழிற்சாலைப் பெண் ஒருத்தி இருக்கலாம். தந்தை தம் உயிரைப் பணயம் வைக்க உரிமை உடையவர் என்றே கொள்வோம். அப்பெண்ணின் உயிரைப் பணயம் வைக்க அவருக்கு இசைவளித்தவர் யார்?

2019 சனவரியில் பிரிட்டிஷ் அரசியாரின் கணவர் பிலிப், தம் 97ஆம் அகவையில், ஓட்டிச் சென்ற வண்டி மற்றொரு மகிழுந்துடன் மோதிக் கவிழ்ந்தது. அவர் பிழைத்தார், மற்ற வண்டியிலிருந்த பெண்ணொருவரின் மணிக்கட்டு முறிந்தது. அடுத்த மாதமே அவர் தம் உரிமத்தை ஒப்படைத்தார். ஓட்டிச் செல்ல ஆட்களுக்குக் குறைவில்லாத அரண்மனையிலேயே சாவி அத்துணைக் காலம் கைமாறவில்லை.

ஆகவே தடுத்தாக வேண்டும் என்பதில் ஐயமில்லை. தடுக்கும் முறையில்தான் பல பிள்ளைகள் வழுக்குகின்றனர். சாவியை ஒளித்து வைத்துவிட்டுத் தொலைந்துவிட்டதாகக் கூறுவோர் உண்டு. பேட்டரிக் கம்பியைக் கழற்றிவிட்டு வண்டி பழுதென்போரும் உண்டு. நன்மை தரும் பொய்யையும் வாய்மையின் பக்கம் நிறுத்திய வள்ளுவரை இவர்கள் துணைக்கு அழைப்பர். வள்ளுவர் கேட்பது குற்றம் நீங்கிய நன்மை என்பதை மறந்துவிடுவர். உண்மை ஒருநாள் வெளிப்படும்போது, வண்டியோடு பிள்ளைகள் மீதிருந்த நம்பிக்கையையும் அம்முதியவர் இழக்கிறார். நினைவாற்றல் அழிந்து, சொன்னதை மறுநாளே மறந்துவிடும் நோயாளியின் நிலை வேறு; அங்குச் சாவியை மறைப்பதன்றி வழியில்லை. தெளிந்த அறிவுடைய தந்தையிடம் நேர்நின்று உண்மையைச் சொல்வதே அவருக்குச் செய்யும் மரியாதை.

இப்பணியைச் சட்டத்திடம் விட்டுவிடலாமே என்பர் சிலர். சிங்கப்பூரில் 65 அகவை கடந்தவர் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை மருத்துவச் சோதனைக்கு உட்பட வேண்டும். சப்பானில் 75 கடந்தவர் உரிமத்தைப் புதுப்பிக்க அறிவாற்றல் சோதனைக்குச் செல்ல வேண்டும். தாமாகவே உரிமத்தைத் திருப்பித் தருவோர்க்கு அங்குப் பல ஊர்களில் பேருந்துக் கட்டணச் சலுகையும் உண்டு. இச்சலுகை சிறியதாயினும் எண்ணத்தக்கது. ஒன்றைப் பெற்றுக்கொள்பவர் மற்றொன்றைத் தர வேண்டும் என்பதை அவ்வூர்கள் உணர்ந்துள்ளன. சிங்கப்பூர் முதியவர் சாவியைக் கொடுத்தாலும் அடுக்குமாடிக்குக் கீழே இறங்கினால் பேருந்து கிடைக்கும். பேராவிலோ கெடாவிலோ உள்ள ஒரு தாமானில் சாவியைக் கொடுப்பவர் கால்களையே கொடுக்கிறார். கைப்பேசிவழி வாடகை வண்டியை அழைக்கலாம் என மகன் எளிதாகச் சொல்லிவிடுகிறான். அதன் சிற்றெழுத்துகளைப் படிக்கும் கண் இருந்தால் அவரிடம் சாவியையே விட்டுவைக்கலாமே!

அந்த வீட்டிற்கே திரும்புவோம். "வெள்ளிக்கிழமை கோயிலுக்கு யார் அழைத்துப் போவது?" என்று தந்தை கேட்கிறார். கோலாலம்பூரில் பணிபுரியும் மகனிடம் விடையில்லை. அன்றிரவு அவன் தங்கையுடனும் பக்கத்துத் தாமானில் வாழும் சித்தப்பா மகனுடனும் பேசுகிறான். வெள்ளிக்கிழமைக்கு ஒருவர், சந்தைக்கு ஒருவர், மருத்துவமனை நாளுக்கு ஒருவர் என முடிவாகிறது. முதல் மாதம் முழுவதும் சாவி தந்தையிடமே இருக்கிறது. வாக்களித்தவர்கள் வாரந்தோறும் வருகிறார்களா என்று அவர் வாயிலில் நின்று பார்க்கிறார்.